முழங்காலுக்கு மேல் கால் எடுத்து ஐந்து ஆண்டு: சாக்கெட், இரவு வலி, கீமோவின் பின்விளைவு பற்றிச் சில கேள்விகள்

புக்கிட்_பாத்தோக்_சித்தப்பா

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகளுக்காகக் கேட்கிறேன். வயது 27. 2020-ல் இடது தொடை எலும்பின் கீழ்முனையில் ஆஸ்டியோசார்கோமா (எலும்புப் புற்றுநோய்), முழங்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டது. கீமோவில் மூன்று மருந்து: மெத்தோட்ரெக்சேட், டாக்சோருபிசின், சிஸ்பிளாட்டின். கதிர்வீச்சு கொடுக்கவில்லை. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசோதனை மட்டும்.

செயற்கைக் கால்: ஸ்டம்பில் (எடுத்தது போக மிஞ்சிய தொடை) உறைபோல மாட்டும், அடியில் பின் (பூட்டில் மாட்டும் ஊசி) வைத்த சிலிக்கோன் லைனர், சாக்கெட்டுக்குள் (ஸ்டம்ப் நுழையும் கூடு) பூட்டு, ஹைட்ராலிக் முழங்கால், கார்பன் பாதம். சாக்கெட் செய்து இரண்டரை ஆண்டாகிறது. காலையில் லைனருக்கு மேல் 5 ப்ளை (தடிமன் அளவு) சாக்ஸ் போட்டால் போதும், மாலைக்குள் 12 ஆகிவிடுகிறது. கவட்டையில் உள்பக்கம் வலி. லைனருக்குள் வியர்வை தேங்கி, தோலில் சின்னச் சின்னக் கொப்புளம்.

ஒன்றரை மாதமாக இரவில் ஸ்டம்பில் வலி, காலைக் கழற்றிவைத்த பிறகும். இது ஃபேன்டம் வலிதானா? சாக்கெட்டை மாற்றணுமா, இன்னும் சாக்ஸ் போட்டுச் சமாளிக்கலாமா? கீமோ உடம்பில் விட்டுப்போனவற்றில் இனி எதைக் கவனிக்க வேண்டும்? கோயிலில், வீட்டில் செருப்பைக் கழற்றியதும் பின்னால் சாய்வது போல இருக்கிறதாம். அதற்கு வழி உண்டா?

வார்டு_ஆறு

மற்ற கேள்விகள் காத்திருக்கலாம், இரவு வலி காத்திருக்கக் கூடாது. அதனால் அதற்கு மட்டும் முதலில் எழுதுகிறேன்.

இல்லாத பாதத்தில், இல்லாத விரலில் எரிவது, முறுக்குவது, சுரீரென்று இழுப்பது ஃபேன்டம் வலி. ஸ்டம்பிலேயே “இந்த இடம்” என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அது வேறு. அதிலும் பல வகை. அறுபட்ட நரம்பின் நுனி முடிச்சாகிவிட்டால் (நியூரோமா) அந்த இடத்தைத் தட்டியதும் ஷாக் அடிக்கும். எலும்பு முனையில் கூர் வளர்ந்தால் எடை ஏற்றும்போது குத்தும். தோலுக்கடியில் சீழ் என்றால் சூடும் சிவப்பும் இருக்கும். இவை எல்லாமே நோய் திரும்பி வருவதைவிட அதிகம் காணப்படுபவை. ஆனாலும் காலைக் கழற்றிய பிறகும் இரவில் நீடிக்கும் வலி, வாரத்துக்கு வாரம் கூடும் வலி, கையில் தட்டுப்படும் புதுக் கட்டி என்று வந்தால், நோய் திரும்பவில்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டுதான் மற்றதை யோசிக்க வேண்டும்.

ஆண்டுப் பரிசோதனை வரட்டும் என்று இருக்காதீர்கள். பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போய்ச் சுற்ற வேண்டாம், அவள் ஏற்கெனவே போகும் சார்கோமா கிளினிக்கையே நேரே அழைத்து, “கால் எடுத்த இடத்தில் ஆறு வாரமாக இரவு வலி, செயற்கைக் கால் போடாதபோதும் இருக்கிறது, முன்கூட்டியே பார்க்க வேண்டும்” என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். வலிக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எது செய்தால் குறைகிறது என்று ஒரு வாரத்துக்கு எழுதிக்கொண்டு போகட்டும். ஸ்டம்பில் உலோகம் எதுவும் இல்லாவிட்டால் எம்ஆர்ஐ படம் தெளிவாக விழும். உலோக மூட்டு பொருத்தியவர்களுக்கு இவ்வளவு தெளிவாக விழாது.

இருமல் சில வாரம் விடாமல் இருந்தாலோ, புதிதாக மூச்சு வாங்கினாலோ அதையும் சேர்த்துச் சொல்லவும். ஆஸ்டியோசார்கோமா பரவினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும்.

சாக்கெட்_பட்டறை

மேலே சொன்னதை முதலில் செய்யுங்கள். ஸ்கேன் முடிவு வருவதற்குள் சாக்கெட் பக்கம் என்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

12 ப்ளை என்பதே விடை. நாங்கள் 10-ஐத் தாண்டினால் சாக்கெட்டின் காலம் முடிந்தது என்றுதான் எடுத்துக்கொள்வோம். காரணம் இது: தொடை மெலியும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாக மெலிவதில்லை. சதை குறையும், எலும்பு அப்படியே இருக்கும். சாக்ஸோ சுற்றிலும் ஒரே தடிமன். சதை போன இடத்தை நிரப்பப் போட்ட சாக்ஸ் எலும்பு இருக்கும் இடத்தையும் சேர்த்து இறுக்கும். அதனால் ஒரு பக்கம் தொளதொள, இன்னொரு பக்கம் புண்.

கவட்டை வலிக்கும் இதுதான் மூலம். உட்கார்ந்தால் நாற்காலியில் படும் எலும்பு சாக்கெட்டின் மேல்விளிம்பில் தாங்கி நிற்க வேண்டும். சாக்கெட் தளர்ந்தால் ஸ்டம்ப் உள்ளே இறங்கி, உள்விளிம்பு கவட்டை எலும்பில் ஏறி அழுத்தும். வீட்டிலேயே பார்க்கலாம்: வலி இருக்கும்போது 2 ப்ளை கூட்டிப் போட்டு பத்து நிமிடம் நடக்கட்டும். வலி குறைந்தால் அளவு தளர்ந்திருக்கிறது. குறையாவிட்டால், அல்லது வலி வேறு இடத்துக்கு நகர்ந்தால், சாக்கெட்டின் வடிவமே இப்போது பொருந்தவில்லை. நடக்கும்போது காற்றுப் பிரியும் சத்தம், கால் மேலும் கீழும் ஏறி இறங்குவது, பாதம் உள்ளே திரும்பிக்கொள்வது எல்லாம் தளர்ச்சியின் அடையாளங்கள்.

ஸ்டம்பின் நுனியையும் பாருங்கள். தோல் கருஞ்சிவப்பாக, தடித்து, மரு மருவாக இருந்தால் நுனி சாக்கெட்டின் அடியைத் தொடவில்லை என்று பொருள். சுற்றிலும் இறுக்கம், நுனியில் வெற்றிடம். இரத்தமும் நீரும் கீழே உறிஞ்சப்பட்டு அங்கேயே தங்கிவிடும். இதற்குக் களிம்பு தடவிப் பயனில்லை, நுனிக்குத் தொடுகை கொடுத்தால்தான் அடங்கும். செயற்கைக் கால் நிபுணர் கடலை அளவு களிமண் உருண்டையை அடியில் வைத்து, அவளை நிற்கச் சொல்லிப் பார்ப்பார். உருண்டை தட்டையானால் தொடுகிறது. அப்படியே உருண்டையாக வந்தால் தொடவில்லை. இதை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம், களிமண் பின் பூட்டுக்குள் போய்விட்டால் பூட்டு சிக்கிக்கொள்ளும்.

புது சாக்கெட்டுக்குப் போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, முதலில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் சோதனை சாக்கெட். அதன் வழியே தோல் எங்கே வெளுக்கிறது, எங்கே இடைவெளி இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். சூடு காட்டி வடிவத்தையும் திருத்தலாம். அரை மணி நேரம் கம்பிகளுக்கு நடுவே நடந்து பார்த்து “சரி” என்று சொல்லிவிட்டு, பிறகு வருந்துகிறவர்கள் அதிகம். கிளினிக்கில் அனுமதித்தால் ஒன்றிரண்டு வாரம் வீட்டிலும் வேலையிலும் போட்டுப் பார்க்கட்டும். மாலை நான்கு மணிக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் உண்மையான சோதனை.

இரண்டாவது, பின் பூட்டு தேவையா என்பது. தொடை ஸ்டம்ப் பெரும்பாலும் மென்சதை. காலைத் தூக்கி வீசும் ஒவ்வொரு முறையும் காலின் எடை முழுவதையும் பின் கீழே இழுக்கும், நுனித் தோல் பால் கறப்பது போல இழுபடும். வளையம் வைத்த உறிஞ்சு லைனருக்கு மாறினால் பிடிமானம் பரவலாகக் கிடைக்கும், திரும்பும் பிரச்சினையும் குறையும். ஆனால் அதில் சாக்ஸ் வளையத்தை மூடக் கூடாது. மூடினால் காற்று கசிந்து கால் கழன்றுவிடும். ஸ்டம்பின் அளவு ஒரே நாளில் இவ்வளவு மாறுகிறவருக்கு அது ஒத்துவருமா என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொப்புளத்துக்கு வருகிறேன். நம் ஊர் புழுக்கத்தில் லைனருக்குள் வியர்வை வராமல் தடுக்க வழி கிடையாது. தேங்க விடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மதியம் ஒருமுறை, நிறைய நடந்த நாளில் இரண்டு முறை, கழற்றித் துடைத்து மாட்டணும். பையில் சின்னத் துண்டு, மாற்று சாக்ஸ், ஒரு ஜிப் பை. லைனரைத் தினமும் இரவு உள்வெளியாகத் திருப்பி, வாசனையில்லாத மென்சோப்பால் கையால் கழுவி, சோப்பு முழுதும் போகும்வரை அலசணும். பாதிக்கு மேல் தோல் புண்கள் மிச்சம் நின்ற சோப்பால் வருபவை என்பது என் கணிப்பு. கழுவிய பிறகு மறுபடி நேராகத் திருப்பி ஸ்டாண்டில் நிழலில் காயவைக்கவும். இரண்டு லைனர் வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் நல்லது. தினமும் போடும் லைனர் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும், பின் இருக்கும் அடிப்பகுதிதான் முதலில் கிழியும்.

மாட்டும்போது லைனரை முழுதும் உள்வெளியாகத் திருப்பி, அடிப்பகுதியை ஸ்டம்பின் நுனியில் ஒட்டி வைத்து, உருட்டி ஏற்றணும். இழுத்து ஏற்றக் கூடாது. நுனியில் காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடத்தில் இரத்தம் கட்டிக் கொப்புளமாகும். ஸ்டம்பில் முடியை மழிக்க வேண்டாம், வெட்டிய முடி தோலுக்குள் வளர்ந்து சீழ்ப்பிடிக்கும். குளியல் இரவில்தான். காலையில் ஊறிய தோலோடு மாட்டினால் உராய்ந்து பிய்யும்.

பிசியோ_ஈசூன்

வியர்வைக்கு இன்னொன்று: அலுமினியம் குளோரைடு உள்ள வியர்வை அடக்கி. இரவில், நன்றாகக் காய்ந்த, கீறலில்லாத தோலில் தடவிக் காலையில் கழுவிவிடணும். இப்போது கொப்புளம் இருப்பதால் ஆறும்வரை தொட வேண்டாம், எரியும்.

அவளுக்கு வேலை மேசையில் உட்கார்ந்தா? அப்படியானால் இடுப்பு மடிப்பு இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். தொடை பின்னால் போகாது, அதை ஈடுகட்ட முதுகு வளையும், வலி இடுப்பில் வந்து நிற்கும். குப்புறப் படுப்பதுதான் மருந்து: ஒரு நாளைக்கு இரண்டு முறை, 20 நிமிடம், முகம் நல்ல காலின் பக்கம் திரும்பியிருக்க, இடுப்புக்குக் கீழே தலையணை இல்லாமல். மல்லாந்து படுக்கும்போதும் ஸ்டம்புக்கு அடியில் தலையணை வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். சுகமாக இருக்கும், ஆனால் அதுதான் தசையைக் குறுக்கும். இவ்வளவு ஆண்டு கழித்து இது எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். உட்காரும் வேலை இருக்கும்வரை இதுவும் இருக்கணும்.

சாக்கெட்டில் ஸ்டம்ப் இறங்கினால் கால் குட்டையாகிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நிற்கும்போது இடுப்பெலும்பு இருபுறமும் ஒரே மட்டமா என்று பின்னாலிருந்து கை வைத்துப் பார்த்தாலே தெரியும். முதுகு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது காரணம் சாக்ஸ் எண்ணிக்கையில் இருக்கலாம்.

இருபது ஆண்டுக் கணக்கில் என் பெரிய கவலை வலது முழங்கால்தான். செயற்கைக் காலில் நிற்கும் நேரத்தைக் குறைத்து நல்ல காலுக்கே எடையைத் தள்ளிக்கொண்டிருந்தால் அந்த மூட்டு சீக்கிரம் தேயும். அதைவிட மோசம் வீட்டுக்குள் ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போவது. படுக்கையிலிருந்து கழிவறைக்கு நாலு எட்டுதானே என்று போவார்கள். ஒவ்வொரு தத்தலிலும் உடல் எடையைப் போல் பல மடங்கு ஒரே மூட்டில் இறங்குகிறது. கட்டிலில் படுத்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் ஊன்றுகோல் இருக்கணும். தூக்கக் கலக்கத்தில் கால் இல்லை என்பதே மறந்து எழுந்து விழுகிறவர்கள், எடுத்துப் பல ஆண்டு ஆனவர்களிலும் உண்டு.

எடை பார்க்கும்போது காலைக் கழற்றிவிட்டு ஏறி, வந்த எண்ணை 0.9-ஆல் வகுக்கணும். முழங்காலுக்கு மேல் எடுத்தவருக்கு உடல் எடையில் சுமார் 10% இல்லை. சாதாரணக் கணக்கில் பார்த்தால் எடை சரியாக இருப்பதாகத் தோன்றும்.

புக்கிட்_பாத்தோக்_சித்தப்பா

ரொம்ப நன்றி. இன்று கிளினிக்கை அழைத்தோம், அடுத்த செவ்வாய்க்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். வலிக்கு அவள் மருந்துக்கடையில் வாங்கிய இப்யூபுரோஃபென் தினமும் போடுகிறாள். தொடரலாமா?

வார்டு_ஆறு

செவ்வாய் என்றால் நல்லது. இப்யூபுரோஃபெனை நிறுத்திவிட்டு, மருத்துவரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால் போடட்டும், பாக்கெட்டில் உள்ள அளவைத் தாண்டாமல். சிஸ்பிளாட்டினும் உயர் அளவு மெத்தோட்ரெக்சேட்டும் சிறுநீரகத்தைத் தொட்ட மருந்துகள். அவற்றுக்குப் பிறகு இந்த வகை வலி மாத்திரையைத் தினமும் போடுவதை இரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் தீர்மானிக்கணும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினோடு மெக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிஸ்பிளாட்டினால் மெக்னீசியம் ஆண்டுக்கணக்கில் குறைவாகவே நிற்கலாம், அதிலும் தசை பிடித்திழுக்கும்.

கீமோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடிப்படை ஒரு தாள்: எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதி வரை. இந்தச் சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி, கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளட்டும். இந்த மூன்று மருந்துத் திட்டத்தை முழுதாக முடித்தவருக்கு டாக்சோருபிசின் மொத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 450 மில்லிகிராம் வரை போயிருக்கும். இளவயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கான வழிகாட்டுதல்களில் 250-ஐத் தொட்டாலே இதயத்துக்கு அதிக ஆபத்துப் பிரிவு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ (இதய ஸ்கேன்), அதுவும் வாழ்நாள் முழுக்க. மருந்து முடிந்து பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் இதயத் தசை தளரலாம்.

இங்கேதான் கால் எடுத்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். முழங்காலுக்கு மேல் எடுத்தவருக்கு அதே தூரம் நடக்க மற்றவரைவிட 60% அளவு கூடுதல் சக்தி செலவாகிறது. மேம்பாலப் படியேறி மூச்சு வாங்கினால் “செயற்கைக் கால் அப்படித்தான்” என்று வீட்டாரும் சொல்வார்கள், அவளும் நம்பிவிடுவாள். போன ஆண்டு ஏறிய அதே படியில் இந்த ஆண்டு நிற்க வேண்டியிருந்தால் அது காலின் கணக்கல்ல, இதயத்தைப் பார்க்க வேண்டும். பின்னாளில் கர்ப்பம் தரித்தால், முடிந்தால் அதற்கு முன்பே, இந்தத் தாளை மகப்பேறு மருத்துவரிடம் காட்டி எக்கோ எடுக்கணும். கர்ப்ப காலத்தில் இதயத்தின் வேலை கூடும். ஸ்டம்பும் வீங்கி சாக்கெட் பொருந்தாமல் போகும், அதற்கும் முன்கூட்டியே திட்டம் வேண்டும்.

சிஸ்பிளாட்டின் விட்டுப்போகும் இன்னும் இரண்டு: காதும் நரம்பும். காதில் முதலில் போவது கீச்சு ஒலி. பூங்கா இணைப்புப் பாதையில் பின்னால் வரும் சைக்கிள் மணி கேட்கவில்லை என்றால் செவிப்பரிசோதனை செய்யணும். நரம்பு பாதித்தால் விரல் நுனி மரத்துப்போகும். இருப்பது ஒரே பாதம் என்பதால் இது சின்ன விஷயமல்ல. இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எலும்பு அடர்த்தி பார்க்கும்போது இடுப்பின் இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்லுங்கள். எடை ஏறாத இடது பக்கம் மெலிந்திருக்கும், வலதை மட்டும் பார்த்தால் எல்லாம் சரி என்று வரும்.

ரெட்ஹில்_அக்கா

கோயில் கேள்விக்கு யாரும் வரவில்லை. செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கு, சாதாரணமாக 10 மில்லிமீட்டர் அளவுக்கு, சமன் செய்யப்பட்டது. காலணியைக் கழற்றியதும் குதிகால் அந்த அளவுக்குத் தாழ்ந்து, கால் முழுதும் பின்னால் சாய்கிறது. மேட்டில் ஏறுவது போல இருக்கும். மூன்று வழி உண்டு. மலிவானது: அதே உயரத்துக்கு ரப்பர் ஆப்பு ஒன்றைச் செயற்கைப் பாதத்தின் குதிகாலுக்கு அடியில் வைத்து மேலே சாக்ஸ் போட்டுவிடுவது. சாக்ஸின் அடியில் வழுக்காத புள்ளிகள் இருக்கட்டும், பெருமாள் கோயிலிலும் தைப்பூசத்தின்போது டேங்க் ரோட்டிலும் தரை ஈரமாக இருக்கும். இரண்டாவது, குதிகால் உயரத்தைப் பொத்தானை அழுத்தி மாற்றும் பாதம், விலை கூடும். மூன்றாவது, பெரும்பாலும் வெறுங்காலோடு இருப்பவர் என்றால் சமன் செய்வதையே அதற்கு ஏற்றபடி செய்வது. சொன்னால் செய்வார்கள், நாம்தான் சொல்வதில்லை.

தரையில் சம்மணமிட்டு உட்கார ஆசை இருந்தால், முழங்காலுக்கு மேலே பொருத்தும் சுழல் இணைப்பு கிடைக்கும். பொத்தானை அழுத்திக் கீழ்க்காலைத் திருப்பிக்கொள்ளலாம். சாக்கெட்டுக்கும் முழங்காலுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடம் வேண்டும், ஸ்டம்ப் நீளமாக இருந்தால் இடம் போதாது. புது சாக்கெட் செய்யும் இந்த நேரத்தில் கேட்டால்தான் உண்டு.

பணம்: உடற்குறையுள்ளோருக்கான அமைப்பான எஸ்ஜி எனேபிள் வழியாக உதவித் தொழில்நுட்ப நிதி இருக்கிறது. தகுதியைப் பொறுத்து 90% வரை, வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. 27 வயதில் அதை முழுதும் கணினி கட்டுப்படுத்தும் ஒரு முழங்காலில் போட்டுவிட்டால், அடுத்தடுத்து வரும் சாக்கெட்டுக்கும் லைனருக்கும் கையிலிருந்துதான். விண்ணப்பம் முதலில், வாங்குவது பிறகு. மருத்துவமனை சமூக சேவகரிடம் பேசுங்கள். கேர்ஷீல்டு லைஃப் (நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு) கிடைக்கும் என்று சிலர் நம்பிக்கொண்டிருப்பார்கள். அதற்கு அன்றாடச் செயல் ஆறில் மூன்றைத் தானே செய்ய முடியாத நிலை வேண்டும், ஒரு காலோடு நன்றாக நடமாடுகிறவருக்குப் பொருந்தாது.

வண்டி ஓட்ட நினைத்தால், இடது கால் என்பதால் ஆட்டோ கியர் வண்டியில் பெடலுக்குப் பிரச்சினை குறைவு. ஆனாலும் டான் டோக் செங் மருத்துவமனையின் ஓட்டுநர் மதிப்பீட்டுத் திட்டத்தில் முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் குளியலறை வாசல் திட்டில் செங்குத்தாக ஒரு கைப்பிடி, உள்ளே ரப்பர் கால் வைத்த நாற்காலி. உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி வாங்காதீர்கள், ஈர ஓட்டில் கழன்று வரும். துளையிட்டுத் திருகியதுதான் எடை தாங்கும்.

புக்கிட்_பாத்தோக்_சித்தப்பா

வீவக ஈஸ் திட்டத்தில் அந்தக் கைப்பிடியை மானியத்தில் போடலாமா?

ரெட்ஹில்_அக்கா

அது முதியோருக்கான திட்டம், அவள் வயதுக்கு வராது. வீட்டில் 65 வயதான தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்கள் பெயரில் விண்ணப்பிக்கலாம். கைப்பிடி எல்லாருக்கும் பயன்படும்.

சாக்கெட்_பட்டறை

செவ்வாய்க்கிழமை போகும்போது செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டே போகட்டும். பழைய லைனர், அன்றைக்குப் போட்ட சாக்ஸ் எண்ணிக்கை எழுதிய தாள், பேனாவால் குறித்த படம் எல்லாம் கையில் இருக்கணும். புது சாக்கெட்டுக்கு அச்சு எடுப்பதை ஸ்கேன் முடிவு வந்த பிறகு வையுங்கள். ஸ்டம்பில் ஊசி, அறுவை என்று எது நடந்தாலும் அளவு மாறிவிடும், எடுத்த அச்சு வீணாகும். அதுவரை 10 ப்ளைக்கு மேல் போக வேண்டிய நேரத்தில் காலைக் கழற்றிவிட்டு ஊன்றுகோலில் நடக்கட்டும்.